டி201க்கு டாட்டா: டேக் பேஸ்டு பிஎல்சி சாஃப்ட்வேர்ல ரெண்டு வருஷம்

முதல்லயே சொல்லிடறேன், எந்த பிராண்டு சாஃப்ட்வேர்னு பேர் போடப்போறது இல்ல. போட்டா நம்ம ஆளுங்க பிராண்டு சண்டைல இறங்கிடுவாங்க, சொல்ல வந்த விஷயம் அப்படியே போயிடும். அதுவும் இல்லாம நான் சொல்லப்போறதுல முக்கால்வாசி எந்த டேக் பேஸ்டு சாஃப்ட்வேருக்கும் பொருந்தும். பதினோரு வருஷம் ரெஜிஸ்டர் நம்பர்லயே லேடர் எழுதின கை இது, ரெண்டு வருஷமா டேக்ல எழுதுது. அவசரமா மார்க் மட்டும் தெரிஞ்சா போதும்னா, அஞ்சுக்கு நாலு.

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வரி. பிஎல்சின்னா ஃபேக்டரி மெஷினை ஓட்டற கன்ட்ரோலர், லேடர்ங்கறது அதுக்கு ஏணிப்படி மாதிரி எழுதற ப்ரோகிராம், ஒவ்வொரு படியும் ஒரு ரங். ரெஜிஸ்டர் பேஸ்டுன்னா பிஎல்சி மெமரில ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர், நீங்க அந்த நம்பரை வச்சுதான் எழுதணும். மிட்சுபிஷில டி100, எம்50னு வரும். ஆலன் பிராட்லி எஸ்எல்சி 500ல என்7:5, பி3:0/4னு வரும், அதாவது ஏழாவது ஃபைல், இன்டீஜர், அஞ்சாவது வேர்டு. சீமென்ஸ்ல எம்டபிள்யூ10, டிபி1.டிபிடபிள்யூ4. டேக் பேஸ்டுன்னா "டேங்க்2_லெவல்"னு ஒரு பேர் வச்சு அது என்ன டைப்னு சொல்லிட்டா போதும், மெமரில எங்க வைக்கறதுங்கறது கன்ட்ரோலர் பாடு.

நம்பர் ஏன் வந்துச்சுன்னு யோசிச்சா அந்த காலத்து ஆளுங்க மேல கோவம் வராது. முதல் பிஎல்சின்னு எல்லாரும் சொல்ற மோடிகான் 084, டிக் மோர்லியோட டீம் பண்ணினது, 1969ல வந்துச்சு, ரிலே (கரன்ட்ல இயங்கற ஸ்விட்ச்) பேனலை தூக்கிட்டு அந்த இடத்துல உக்காரத்தான் அது. அப்போ இருந்த மெமரில பேருக்கெல்லாம் ஏது இடம். 1979ல மோட்பஸ்னு மெஷினுங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கற பாஷை வந்தப்பவும் அதே நம்பர் கதைதான். 1993ல ஐஇசி 61131-3ங்கற பிஎல்சி மொழிகளுக்கான சர்வதேச ஸ்டாண்டர்டு வந்து வேரியபிள், டேட்டா டைப்னு முறையா எழுதி வச்சாங்க, அதுக்கப்புறமும் நம்மள்ல பாதி பேர் நம்பரை விடல. பழகின கை, அவ்ளோதான். பழக்கம்னா எப்படின்னா, மிட்சுபிஷி எஃப்எக்ஸ் சீரிஸ்ல இன்புட் நம்பர் ஆக்டல், அதாவது 8, 9 கிடையாது, எக்ஸ்7க்கு அடுத்து எக்ஸ்10, புதுப்பையன் எக்ஸ்8 எங்கண்ணே காணோம்னு பேனல் முழுக்க தேடுவான், நாங்க நின்னு வேடிக்கை பார்ப்போம். அதுல ஒரு சந்தோஷம்.

சரி, நான் ஏன் மாறினேன். ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான் காரணம், டி201.

ஒரு லிக்விட் ஃபில்லிங் லைன். ஃப்ளோ மீட்டர் பல்ஸை எண்ணி ஷிஃப்ட் டோட்டல் லிட்டர்ல காட்டணும். ஒரு ரெஜிஸ்டர்னா 16 பிட், டோட்டலுக்கு அது பத்தாதுன்னு ஆரம்பத்துல எழுதினவர் 32 பிட்ல டி200ல வச்சிருக்காரு. 32 பிட்னா டி200, டி201 ரெண்டும் சேர்ந்துதான் ஒரு நம்பர், கீழ்ப்பாதி டி200, மேல்பாதி டி201. ஆனா லேடர்ல டி200னு மட்டும்தான் எழுதியிருக்கும். சில மாசம் கழிச்சு ஒரு லீவு நாள்ல, பேட்ச் கவுன்ட்டர் ஒன்னு வேணும்னு ப்ரொடக்ஷன்ல கேட்டாங்கன்னு இன்னொருத்தர் வந்து, காலியா எது இருக்குன்னு டி201ஐ தேடிப்பார்த்திருக்காரு, ப்ரோகிராம்ல எங்கயும் வரல, சரி ஃப்ரீதான்னு எடுத்துக்கிட்டாரு. ஒவ்வொரு பேட்ச் முடிஞ்சதும் டி201ல ஒன்னு கூட்டு. அவர் மேல தப்பே சொல்ல முடியாது, நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

அடுத்த நாள் ரிப்போர்ட்ல இருபதாயிரம் லிட்டர் வரவேண்டிய ஷிஃப்ட்டுக்கு அஞ்சு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம் பக்கம் வந்து நிக்குது. பேட்ச் கவுன்ட்டர் மட்டும் கரெக்டா எட்டுன்னு காட்டுது. ஷிஃப்ட் ஆரம்பத்துல டோட்டலை ஜீரோ பண்ணும்போது 32 பிட்டும் ஜீரோ ஆகும், அப்போ டி201ம் ஜீரோ ஆகும், கவுன்ட்டரும் புது ஷிஃப்ட்டுக்கு ஒழுங்கா ஜீரோல ஆரம்பிக்குது, பார்க்கறவனுக்கு "ஆஹா கவுன்ட்டர் சூப்பரா ரீசெட் ஆகுதே"ன்னு தோணும். அதனால ப்ரோகிராம் மேல யாருக்கும் சந்தேகமே வரல, ஃப்ளோ சைடுல யாரும் கையே வைக்கலையே. ஃப்ளோ மீட்டரை கழட்டி மாட்டினோம், கேபிள் ஷீல்டிங் பார்த்தோம், எர்த்திங் பார்த்தோம், பக்கத்துல மோட்டார் ட்ரைவ் ஓடுது அந்த நாய்ஸ்ல பல்ஸ் அதிகமா எண்ணுதுன்னு ஒரு ஞானி சொல்ல அந்த கேபிளை தனி ட்ரேல மாத்தி போட்டோம், மூணு நாள் காலி. நாலாவது நாள் சும்மா உக்காந்து அதிகமா வந்த லிட்டரை பேட்ச் எண்ணிக்கையால வகுத்துப்பார்த்தேன். கால்குலேட்டர்ல 65536. அந்த நம்பரை பார்த்தா எந்த ப்ரோகிராமருக்கும் தெரியும், 16 பிட்டுக்கு மேல ஒரு பிட் ஏறுது. மேல்பாதில ஒன்னு கூட்டினா மொத்தத்துல 65536 கூடும். எட்டு பேட்ச், 5,24,288. மிச்சம் இருபதாயிரத்து சொச்சம்தான் நிஜமான லிட்டர்.

இதே வியாதி சீமென்ஸ் பக்கம் வேற மாதிரி வரும். எம்டபிள்யூ10னா பைட் 10ம் 11ம். எம்டபிள்யூ11னா பைட் 11ம் 12ம். ரெண்டையும் தனித்தனி வேரியபிள்னு நெனச்சு எழுதினா நடுவுல ஒரு பைட்டை ரெண்டு பேரும் மிதிப்பாங்க. அதனாலதான் பழைய ஆளுங்க இரட்டைப்படை நம்பரா மட்டும் போடுன்னு அடிச்சு சொல்லிக்கொடுப்பாங்க.

இப்போ நான் யூஸ் பண்ற சாஃப்ட்வேருக்கு வர்றேன். இதுல "ஷிஃப்ட்_டோட்டல்"னு ஒரு டேக், டைப் 32 பிட் இன்டீஜர், "பேட்ச்_கவுன்ட்"னு இன்னொன்னு. ரெண்டும் மெமரில எங்க இருக்குன்னு எனக்கு தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல, ஒன்னு இன்னொன்னோட இடத்துல போய் உக்காரவே முடியாது. ஒரே பேர்ல ரெண்டு டேக் போட்டா அங்கயே சிவப்புல காட்டி கம்பைல் ஆக விடாது. பிட் போக வேண்டிய இடத்துல இன்டீஜரை போட்டாலும் விடாது. மூணு நாள் வேலை மூணு செகண்ட்ல முடிஞ்சிருக்கும்.

ரெண்டு வருஷத்துல எனக்கு பட்ட பெரிய வித்தியாசம் இதுதாங்க: ரெஜிஸ்டர்ல தப்பு பண்ணா அது கமுக்கமா பொய் சொல்லும், டேக்ல தப்பு பண்ணா கத்தும். பேர் படிக்க அழகா இருக்கு, கமென்ட் எழுத வேணாம் அப்படி இப்படின்னு விளம்பரத்துல சொல்றதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஹெச்எம்ஐ, அதாவது ஆபரேட்டர் பார்க்கற ஸ்க்ரீன் பேனல் பக்கம் பாருங்க. சீமென்ஸோட பழைய ஸ்டெப் 7 சாஃப்ட்வேர்ல ஒரு டேட்டா பிளாக் நடுவுல புதுசா ஒரு வேரியபிளை செருகினா அதுக்கு கீழ இருக்கற எல்லாத்தோட ஆஃப்செட்டும் (பிளாக்ல அது இருக்கற இடத்தோட நம்பர்) நகரும். பேனல்ல மட்டும் பழைய ஆஃப்செட்டே இருந்துச்சுன்னா பிரஷர் இடத்துல டெம்ப்ரேச்சர் வரும், ரெண்டுமே பார்க்க நம்பற மாதிரி நம்பரா இருந்தா யாருக்கும் தெரியாது. எஸ்7-1200, 1500ல ஆப்டிமைஸ்டு பிளாக்னு கொண்டு வந்து ஆஃப்செட்டையே எடுத்துட்டாங்க, பேர் வச்சுத்தான் அணுகணும். நம்ம சாஃப்ட்வேர்லயும் அதே கதை, நான் ஒரு டேக் பேரை மாத்தினா ப்ரோகிராம் உள்ள எல்லா இடத்துலயும் தானா மாறிடும், ஆனா வேற கம்பெனி ஸ்காடால (லைனை கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல காட்டற சாஃப்ட்வேர்) பழைய பேர் இருக்கும், அது டேக் கிடைக்கலன்னு கேள்விக்குறியா போட்டு நிக்கும். முதல் தடவை நைட் ஷிஃப்ட்ல ஆபரேட்டர் போன் பண்ணி "சார் ஸ்க்ரீன் ஃபுல்லா கேள்விக்குறி"ன்னப்போ எரிச்சலாத்தான் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், கேள்விக்குறிய பார்த்து யாரும் வால்வை திறக்க மாட்டாங்க. தப்பான நம்பரை பார்த்து திறப்பாங்க.

கத்தறதுலயும் ஒரு அளவு இருக்கு, அதையும் சொல்லணும். அர்ரேல (ஒரே பேர்ல வரிசையா பல பெட்டி) 20 இடம் வச்சுட்டு இன்டெக்ஸ், அதாவது எத்தனாவது பெட்டிங்கற நம்பர், 25 ஆயிடுச்சுன்னா, பழைய ரெஜிஸ்டர் சிஸ்டம்ல பல நேரம் பக்கத்து ரெஜிஸ்டர்ல போய் எழுதிட்டு ஒன்னும் நடக்காத மாதிரி இருக்கும். ஆலன் பிராட்லியோட லாஜிக்ஸ் கன்ட்ரோலர் மாதிரி டேக் சிஸ்டத்துல அது மேஜர் ஃபால்ட், கன்ட்ரோலரே நின்னுடும். லைன் முழுக்க நிக்கும். ப்ரொடக்ஷன் மேனேஜர்கிட்ட போய் "சார் இது நல்லதுக்குத்தான் நின்னுச்சு"ன்னு சொல்லிப்பாருங்க. அதனால இன்டெக்ஸ் போடற ஒவ்வொரு இடத்துலயும் முன்னாடி ஒரு லிமிட் செக் போட்டுடறது இப்போ என் கை பழக்கம் ஆயிடுச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஸ்ட்ரக்சர். மோட்டார்னு ஒரு டைப் செஞ்சு வச்சுக்கலாம், அதுக்குள்ள ஸ்டார்ட், ஸ்டாப், ரன் ஃபீட்பேக், ட்ரிப், இன்டர்லாக், ரன் அவர்ஸ் எல்லாம். நாப்பது பம்ப் இருந்தா அந்த டைப்ல நாப்பது டேக், முடிஞ்சுது. முன்னாடி இதுக்குன்னே ஒரு எக்ஸல் ஷீட் வச்சிருப்போம், பம்ப் 1க்கு டி300லேர்ந்து டி309, பம்ப் 2க்கு டி310லேர்ந்து டி319, அப்புறம் க்ளையன்ட் வந்து ஒவ்வொரு பம்ப்புக்கும் ஆம்பியர் காட்டணும், மேக்ஸிமம் ஆம்பியர் காட்டணும்னு சொல்லுவாரு, பத்து ரெஜிஸ்டர் பத்தாது, பன்னெண்டு வேணும், போச்சு, நாப்பது பம்ப்பையும் நகர்த்தணும், இல்லன்னா ஆம்பியரை மட்டும் கொண்டு போய் டி1500ல எங்கயாவது வைக்கணும். எல்லாரும் ரெண்டாவதைத்தான் செய்வோம். அதனாலதான் பழைய ப்ரோகிராம் எல்லாம் அஞ்சு தலைமுறை கட்டி சேர்த்த வீடு மாதிரி இருக்கும், கிச்சன் வழியாத்தான் பாத்ரூம் போகணும். இப்போ அந்த டைப்ல ஒரு மெம்பர் சேர்த்தா நாப்பதுலயும் வந்துடுது.

ஆனா இங்கதான் அந்த ஒரு மார்க்ல பாதியை வெட்டினேன். நான் யூஸ் பண்ற வெர்ஷன்ல ஸ்ட்ரக்சர் டைப்பை ஆன்லைன்ல மாத்த முடியாது. ஆஃப்லைன் போய் மாத்தி முழு டவுன்லோட் பண்ணணும், டவுன்லோட்னா கன்ட்ரோலர் ப்ரோகிராம் மோடுக்கு போகணும், லைன் நிக்கணும். ஒரு மெம்பர் சேர்க்க ஷட்டவுன் வரைக்கும் காத்திருக்கறது கொடுமை. பழைய சிஸ்டத்துல காலி டி ரெஜிஸ்டரை எடுத்து ஓடிக்கிட்டே இருக்கும்போது ரெண்டு ரங் சேர்த்துடுவேன். அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, ஒவ்வொரு டைப்லயும் ஆரம்பத்துலயே ஸ்பேர்னு நாலு இன்டீஜர் நாலு ரியல் (புள்ளி வச்ச நம்பர்) போட்டு வச்சிடறது. சிரிக்காதீங்க, "ஸ்பேர்_2"ல என்ன இருக்குன்னு எழுதி வைக்க திரும்பவும் ஒரு எக்ஸல் ஷீட் வந்துடுச்சு.

இன்னொரு பாதி மார்க் பேர் வைக்கற விஷயம், அது சாஃப்ட்வேர் தப்பு இல்ல, நம்ம தப்புதான், இருந்தாலும் வெட்டறேன். நாலு பேர் சேர்ந்து எழுதின ஒரு ப்ராஜெக்ட்டை திறந்தா "டெம்ப்", "டெம்ப்1", "டெம்ப்_நியூ", "டெம்ப்_நியூ_ஃபைனல்"னு இருக்கு. இதுல ஒன்னு டெம்ப்ரேச்சர், மிச்சமெல்லாம் டெம்பரரி. டி214னு நம்பர் இருந்தா எனக்கு தெரியாதுன்னாவது ஒத்துக்கிட்டு தேடுவேன். "டெம்ப்"னு பேர் இருந்தா தெரிஞ்ச மாதிரியே நெனச்சுக்கிட்டு ஏமாறுவேன். கமுக்கமா பொய் சொல்றதுன்னேனே, டேக்ல அந்த வேலைய செய்யறது பேர் வச்ச மனுஷன்தான்.

மெமரி பத்தி கவலைப்படறவங்களுக்கு ஒரு வரி: லாஜிக்ஸ் கன்ட்ரோலர்ல தனியா ஒரு பூல் (ஆன், ஆஃப் மட்டும்) டேக் போட்டா ஒரு பிட்டுக்கு நாலு பைட் எடுத்துக்கும், ஸ்ட்ரக்சருக்குள்ள பக்கத்து பக்கத்துல போட்டா சேர்த்து அடுக்கிக்கும். இன்னிக்கு இருக்கற மெமரிக்கு பெரும்பாலும் யாருக்கும் வலிக்காது.

லேப்டாப் செத்துப்போனா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, இங்க டேக்குக்கு முழு மார்க். எஸ்எல்சி 500, எஸ்7-300 காலத்துல சிம்பல் (நாம வச்ச பேர்), கமென்ட் எல்லாம் பிசில இருக்கற ஃபைல்லதான். ஃபைல் போச்சுன்னா பிஎல்சிலேர்ந்து அப்லோட் பண்ணலாம், வரும், ஆனா மொட்டையா வரும். ஒரு தடவை அப்படி ஒரு மெஷின், ப்ரோகிராம் எழுதினவர் எங்க இருக்காருன்னே தெரியாது, பேனல் கதவுக்குள்ள மடிச்சு வச்சிருந்த பழைய ப்ரின்ட் அவுட்ல பென்சில்ல "இது கதவு ஸ்விட்ச்", "இதை தொடாதே"ன்னு எழுதியிருந்ததை வச்சுத்தான் ரெண்டு நாள்ல ஆளாக்கினேன். டேக் கன்ட்ரோலர்ல பேர் உள்ளயே இருக்கு, அப்லோட் பண்ணா பேரோட வருது.

இப்போ கசப்பான விஷயம். டேக்குக்கு மாறிட்டா ரெஜிஸ்டர் போயிடும்னு நெனச்சீங்கன்னா அது நடக்காது. கன்ட்ரோலருக்குள்ள காணாம போயிடும், ஆனா வாசல்ல நிக்கும். எனர்ஜி மீட்டர், ட்ரைவ், டெம்ப்ரேச்சர் கன்ட்ரோலர், பலதும் இன்னிக்கும் மோட்பஸ்தான் பேசும், மோட்பஸ்க்கு பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். ஒரு ரெஜிஸ்டர் 16 பிட், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர் படிக்கலாம், அவ்ளோதான் அதோட உலகம். மேனுவல்ல 40108னு போட்டிருப்பாங்க, உண்மைல வயர்ல போற அட்ரஸ் 107, ஏன்னா 40001ங்கறது ஜீரோவாவது ரெஜிஸ்டர். சில டிவைஸ் மேனுவல்ல நேரா 107னே போட்டிருக்கும். எது எப்படின்னு தெரியாம ஒன்னு தள்ளி படிச்சா வோல்டேஜ் வர்ற இடத்துல பக்கத்து ஃபேஸ் வோல்டேஜ் வரும், அதுவும் அதே அளவுலதான் இருக்கும், அடுத்த ஆடிட் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அதைவிட மோசம் வேர்டு ஆர்டர், அதாவது ரெண்டு ரெஜிஸ்டர்ல எது முதல்லங்கறது. 25.0ங்கற ஃப்ளோட் (ரியலோட இன்னொரு பேர்) ரெண்டு ரெஜிஸ்டர்ல 16840, 0னு வரும். உங்க சைடு மாத்தி 0, 16840னு எடுத்துக்கிட்டா கிடைக்கறது பூஜ்யத்துக்கு ஒட்டின ஒரு துக்கடா நம்பர், ஸ்க்ரீன்ல 0.0னு காட்டும். ஒரு சைட்ல இதே மாதிரி 0.0 பார்த்துட்டு சென்சர் போச்சுன்னு புது சென்சர் மாத்தி, அதுவும் 0.0, ட்ரான்ஸ்மிட்டர் மாத்தி, அதுவும் 0.0. நான் போய் ரா ரெஜிஸ்டரை பார்த்தா 16840 உயிரோட உக்காந்திருக்கு. டேக் பேர் மட்டும் "ஓவன்_டெம்ப்ரேச்சர்"னு அழகா இருந்துச்சு, டைப் ரியல்னு கரெக்டா இருந்துச்சு, உள்ள வர்றதே தலைகீழா வருதுன்னு கம்பைலருக்கு எப்படி தெரியும்.

அதனால நான் இப்போ பண்றது, மோட்பஸ்லேர்ந்து வர்றது எல்லாம் முதல்ல மொத்தமா ஒரு அர்ரேல வந்து விழும், அதை நேரா யாரும் தொடக்கூடாது, ஒரே ஒரு ரொட்டீன் மட்டும் அதை எடுத்து, வேர்டு மாத்தி, ஸ்கேல் பண்ணி, பேர் வச்ச டேக்ல போடும். நம்பர் இருக்கற இடம் அந்த ஒரு ரொட்டீன் மட்டும்தான். ஒரே ப்ளாக்கா படிக்கறதால கம்யூனிகேஷனும் வேகமா இருக்கு. ஐஇசி பாணி சாஃப்ட்வேர் சிலதுல ஒரு வேரியபிளை நேரா மெமரி அட்ரஸ்ல கட்டிவைக்கற வசதி உண்டு, ஏடி %எம்டபிள்யூ100ன்னு எழுதலாம். அது தேவைக்கு நல்லது, ஆனா அங்கங்க அதை போட ஆரம்பிச்சா பேர் மட்டும் புதுசு, உள்ள அதே பழைய டி201தான்.

சாஃப்ட்வேரா பார்த்தா: கனம். பழைய லேப்டாப்ல திறக்க ஆரம்பிச்சுட்டு போய் பேனல் ஃபேன் ஃபில்டரை தட்டி மாட்டிட்டு வரலாம். க்ராஸ் ரெஃபரன்ஸ் அருமை, எந்த ரங்ல யார் எழுதறா யார் படிக்கறான்னு பிரிச்சு காட்டுது. டேக் லிஸ்டை சிஎஸ்வியா எடுத்து எக்ஸல்ல திருத்தி திரும்ப உள்ள போடறது நல்லா வேலை செய்யுது, நாப்பது பம்ப்புக்கு டிஸ்க்ரிப்ஷன் அடிக்க அதான் வழி. ஹெல்ப் ஃபைல் சுமார்.

கடைசியா எங்க மெயின்டனன்ஸ் அண்ணன் கதை. முப்பது வருஷ சர்வீஸ், எல்லா ரெஜிஸ்டரும் தலைல. பழைய லைன்ல ட்ரிப் ஆனா வீட்லேர்ந்தே போன்ல "டேய் டி214 என்ன காட்டுது, ஒன்னா, அப்போ பின்னாடி சேஃப்டி கதவு ஸ்விட்ச்சை பாரு"ன்னு சொல்லி வச்சுடுவாரு. புது லைன் வந்த முதல் வாரம் அதே மாதிரி போன் பண்ணி நான் கேக்கறேன், "அண்ணே, லைன் ரெண்டு அண்டர்ஸ்கோர் ஹைட்ராலிக் அண்டர்ஸ்கோர் பம்ப் அண்டர்ஸ்கோர் ஏழு அண்டர்ஸ்கோர் இன்டர்லாக் அண்டர்ஸ்கோர்..." அந்த பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "டேய், இதை நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஷிஃப்ட்டே முடிஞ்சிடும்டா, நம்பர் சொல்லு"ன்னாரு.

நம்பர் இல்லண்ணேன்னேன். மறுநாள் வந்து டிராயிங்ல இருக்கற ஈக்விப்மென்ட் நம்பரை காட்டி, பேர் இதுலேர்ந்து ஆரம்பிக்கட்டும், மிச்சம் உன் இஷ்டத்துக்கு டிஸ்க்ரிப்ஷன்ல எழுதிக்கோன்னாரு. சிஎஸ்வி எடுத்து ரெண்டு நாள் உக்காந்து மொத்தத்தையும் மாத்தினேன், ஸ்காடா பக்கமும் சேர்த்து, கேள்விக்குறி வராம. இப்போ போன்ல "பி ஏழு ட்ரிப் என்ன காட்டுது"ன்னு கேக்கறாரு, நான் "பி07.ட்ரிப்"னு அடிச்சு பார்க்கறேன்.